மையத்துக்கு வராத குழந்தை: ஊட்டச்சத்துத் திட்டத்தை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதியம் பன்னிரண்டரை மணிக்கு எந்த அங்கன்வாடிக்குப் போனாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பதினைந்து இருபது பிள்ளைகள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆயாம்மா சாதம் போட்டுக்கொண்டே வருவார். முட்டை நாளாக இருந்தால் சத்தம் கொஞ்சம் கூடும். பார்வையிட வந்தவர் 'மையம் நன்றாகச் செயல்படுகிறது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்.

மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் நானும் அப்படி நிறைய எழுதியிருக்கிறேன். அந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் இரண்டரை, மூன்று வயதைத் தாண்டியவர்கள் என்பது உறைக்க ரொம்ப நாள் ஆனது. குழந்தையின் வளர்ச்சி சறுக்குவது பெரும்பாலும் ஆறாவது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில். அந்த வயதுக் குழந்தை மையத்தில் இல்லை, வீட்டில் பாட்டியின் இடுப்பில் இருக்கிறது. அதன் அம்மா நூறு நாள் வேலையிலோ மில்லிலோ இருக்கிறார்.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியபோதே ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் தொடங்கியது. ஆனால் நடைமுறையில் நாம் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பவர்களை வைத்தே திட்டத்தை அளக்கிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இதிலிருந்து முளைத்தவை.

எடையும் வயதும்

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"மூணு நடக்குதுங்க."

இதற்கு அர்த்தம், இரண்டு முடிந்து மூன்றாவது வயது ஓடுகிறது என்பது. எழுதுகிறவர் அவசரத்தில் 3 என்று போட்டுவிட்டால் என்ன ஆகும்? 10.5 கிலோ எடையுள்ள ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 26 மாதம் என்றால் எடையைப் பற்றிக் கவலையில்லை. 36 மாதம் என்று கணக்கிட்டால் அதே குழந்தை எடைக்குறைவுப் பட்டியலில் ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலில் 36 மாதப் பெண் குழந்தைக்கான எல்லை 10.8 கிலோ. இது தலைகீழாக நடப்பது இன்னும் மோசம். வயதைக் குறைத்து எழுதினால் உண்மையிலேயே மெலிந்த குழந்தை 'சாதாரணம்' என்ற கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பிறப்புச் சான்றிதழையோ தடுப்பூசி அட்டையையோ பார்த்து வயதை மாதத்தில் எழுத வேண்டும். இரண்டும் இல்லையா? ஆடிப்பெருக்குக்கு முன்னா பின்னா, ஊர்த் திருவிழா சமயத்தில் எத்தனை மாதம் என்று கேட்டால் பாட்டி சரியாகச் சொல்லிவிடுவார்.

அடுத்தது எடை. ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்கு மாதத்துக்கு ஏறுவது 200, 250 கிராம்தான். இந்த மாதம் கொலுசு, வெள்ளி அரைஞாண், கனமான கவுன் எல்லாம் போட்டு எடை பார்த்து, போன மாதம் வெறும் ஜட்டியோடு பார்த்திருந்தால், ஏறிய எடையில் எது குழந்தையுடையது எது வெள்ளியுடையது என்று யாருக்குத் தெரியும்? கொலுசைக் கழற்றத் தாய் தயங்கினால் விட்டுவிடலாம், ஆனால் ஒவ்வொரு மாதமும் அதே நிலையில் எடை பார்க்க வேண்டும். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கடையில் விற்கும் ஒரு கிலோ உப்பு பாக்கெட் நாலைந்தை வைத்துப் பார்த்தாலே போதும். இதை மாதம் ஒருமுறை செய்யும் மையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உயரத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து, அதற்கு மேல் நிற்கவைத்து. படுத்த அளவுக்கும் நின்ற அளவுக்கும் சராசரியாக 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். அப்புறம், இது ஒருவர் தனியாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்திப் பாதத்தை நேராக்க வேண்டும். ஆயாம்மா அடுப்படியில் இருக்கும்போது பணியாளர் தனியாக எடுத்த உயரத்தை நான் நம்புவதில்லை.

கைச்சுற்றளவு நாடாவையும் மறந்துவிடுகிறோம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இடது மேற்கையின் நடுவில் சுற்றிப் பார்த்து 11.5 செ.மீ.க்குக் கீழே, அதாவது நாடாவின் சிவப்புப் பகுதியில் இருந்தால் அது தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. இரண்டு பாதங்களிலும் வீக்கம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். குழி விழுந்து நின்றால் எடை என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைதான். வீக்கத்தில் தேங்கிய நீரும் தராசில் எடையாகத்தான் தெரியும், அதனால் இந்தக் குழந்தை பார்க்க 'பூசினாற்போல' இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது.

சிவப்பே இல்லாத வட்டாரம்

எனக்குத் தெரிந்த தவறுகளில் மிகப் பெரியதை மேலதிகாரிகள்தான் செய்கிறார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு பணியாளர் தன் மையத்தில் நான்கு தீவிரக் குறைபாட்டுக் குழந்தைகள் இருப்பதாகச் சொல்கிறார். "நாலா? பக்கத்து மையத்தில் ஒன்றுகூட இல்லையே, நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று எல்லார் முன்னாலும் ஒரு கேள்வி விழுகிறது. அடுத்த மாதம் அந்த மையத்திலும் ஒன்றுகூட இருக்காது. குழந்தைகள் தேறிவிடவில்லை, பணியாளர் பாடம் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

நான்கு பேரைக் கண்டுபிடித்தவரைத்தான் பாராட்டியிருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் அந்த அளவு 35.5 சதவீதம். அப்படியிருக்க, ஒரு மையத்தில் யாருக்குமே எந்தக் குறையும் இல்லை என்றால் முதலில் பதிவேட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பொய்ப் பதிவேட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். எடைகள் எல்லாம் 9.0, 9.5, 10.0 என்று முடியும், அல்லது ஊரில் உள்ள அத்தனை குழந்தைகளும் மாதம் தவறாமல் சரியாக 200 கிராம் ஏறியிருப்பார்கள். உண்மையான பதிவேடு அவ்வளவு ஒழுங்காக இருக்காது. காய்ச்சல் வந்த மாதம் இறங்கியிருக்கும், ஒரு மாதம் காலியாக இருக்கும், ஒரு எண் அடித்துத் திருத்தப்பட்டிருக்கும்.

சரி, எடை குறைந்தது தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? பல இடங்களில் அடுத்து ஒன்றும் இல்லை, செயலியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. இந்த இடத்தில் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. உலக வங்கி உதவியோடு 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எல்லாருக்கும் கூடுதல் உணவு கிடையாது. எடை சறுக்கியவர்களுக்கும் கடுமையாக மெலிந்தவர்களுக்கும் மட்டும் 90 நாள் உணவாக லட்டு, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். இதைக் கறாரான ஏற்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே தராசு காட்டிய எண்ணுக்கு ஒரு விளைவு இருந்தது. 'உன் பிள்ளைக்கு ஏன் லட்டு, என் பிள்ளைக்கு ஏன் இல்லை' என்று தாய்மார்கள் கேட்டார்கள் என்றால், வளர்ச்சி அட்டையில் உள்ள கோட்டைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

சத்துமாவு எங்கே போகிறது?

2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வகுத்தபடி (2023இல் இந்த அளவுகள் திருத்தப்பட்டன) ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் தர வேண்டியிருந்தது. ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைக்கு 800 கலோரி. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவில் கிராமுக்கு ஏறத்தாழ நான்கு கலோரி என்று வைத்தால், குழந்தைக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் மாவு.

எட்டு மாதக் குழந்தையின் வயிற்றில் ஒரு வேளைக்கு ஒரு தம்ளர் அளவுதான் பிடிக்கும். 125 கிராம் மாவை ஒரே தடவையில் எப்படி ஊட்டுவது? 'தினமும் கொடுங்கம்மா' என்று மட்டும் சொல்லி பாக்கெட்டை நீட்டுவது இங்கேதான் தோற்கிறது. எட்டு மாதம் வரை இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, தாய்ப்பாலோடு சேர்த்து என்று வேளை பிரித்துச் சொல்ல வேண்டும். பதத்தையும் செய்து காட்ட வேண்டும். விக்கிக்கொள்ளும் என்று பயந்து கஞ்சியைத் தண்ணீராகக் கரைப்பார்கள். வயிறு நிறையும், சத்து ஏறாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, அதுதான் பதம். மேலே அரைக் கரண்டி எண்ணெய் விட்டால் இன்னும் நல்லது. இதைப் பேசிப் புரியவைப்பதைவிட, அந்த வீட்டு அடுப்பிலேயே ஒருமுறை கிண்டிக் காட்டுவது பத்து நிமிட வேலை.

அந்த வீட்டில் ஊட்டுகிறவர் யார் என்று தெரியாமல் அறிவுரை சொல்வது இன்னொரு தவறு. காலை பதினொரு மணிக்கு வீட்டுப் பார்வைக்குப் போனால் அம்மா வேலைக்குப் போயிருப்பார். அம்மா இல்லை, அப்புறம் வருகிறேன் என்று திரும்பிவிடுவோம். நாள் முழுக்கக் குழந்தைக்கு ஊட்டும் பாட்டி அங்கேயே உட்கார்ந்திருப்பார், அவரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டோம்.

மாவை வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஐந்து வயது அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது தம்பிக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? பங்கு போகும் என்று தெரிந்தே திட்டமிட வேண்டும். அண்ணனை மையத்துக்கு அனுப்பச் சொல்லலாம், அவனுக்கு அங்கே சாப்பாடு இருக்கிறது. நிலைமை மோசமான குழந்தைக்கு மட்டும் ஒரு வேளையாவது மையத்திலேயே கண்ணெதிரே ஊட்டலாம். இப்போது மாவு வாங்கவே செல்போன் முன்னால் முகம் காட்ட வேண்டியிருக்கிறது. பாக்கெட் கை மாறியது அதில் நிரூபணமாகும். உள்ளே இருந்ததை யார் சாப்பிட்டார்கள் என்று அந்தக் கேமராவுக்குத் தெரியாது.

தாயைப் பற்றிப் பேச மறப்பது

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை 180 நாளைக்குக் கொடுக்கப்படுகிறது. கொடுப்பதை எண்ணுகிறோம், விழுங்குவதை எண்ணுவதில்லை. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், முதல் சில நாள் குமட்டும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், மூன்றாம் நாள் அட்டை பரணுக்குப் போய்விடும். டீ, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து விழுங்கச் சொன்னால் குமட்டலும் குறையும். நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதை எதிர்த்து வாதாடிப் பயனில்லை. ஏற்கெனவே நல்லபடியாகப் பெற்றெடுத்த அதே தெருப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசவைத்தால் வேலை நடக்கும்.

சமுதாய வளைகாப்பு நடத்தி, வளையல் போட்டு, கலவை சாதம் பரிமாறி, போட்டோ எடுத்து அனுப்புவதை எல்லாரும் சிரத்தையாகச் செய்கிறோம். செய்யட்டும், சந்தோஷமான விஷயம்தான். ஆனால் வீட்டு வளைகாப்பு முடிந்ததும் அந்தப் பெண் எங்கே போகிறார்? தாய்வீட்டுக்கு. பெயர் இருப்பது கணவன் ஊர் மையத்தில், ஆள் இருப்பது அம்மா ஊரில். இங்கே 'ஊரில் இல்லை' என்று எழுதுவார்கள், அங்கே 'நம் பதிவேட்டில் இல்லை' என்பார்கள். ஏழாவது மாதத்திலிருந்து குழந்தைக்கு மூன்று, ஐந்து மாதம் ஆகும்வரை, உணவும் மாத்திரையும் பாலூட்டுவதற்கான உதவியும் மிகவும் தேவைப்படும் நாட்களில், அவர் இரண்டு ஊருக்கும் இல்லாதவராகிவிடுகிறார். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

என் வட்டாரத்தில் ஒரு பணியாளர் இதற்கு அவராகவே ஒரு வழி வைத்திருந்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்று, அட்டையில் 'வெளியூர்' என்று எழுதியிருக்கும். யார் எந்த ஊருக்குப் போயிருக்கிறார், அந்த ஊர் அங்கன்வாடி டீச்சரின் செல் நம்பர், எப்போது திரும்புவார், குழந்தை பிறந்தபோது என்ன எடை. நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது அரசு கொடுத்த பதிவேடு இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒரு நாள் வாங்கி முழுதாகப் படித்தேன். அந்த ஆண்டு அவர் மையத்தில் பிறந்த பதினோரு குழந்தைகளில் ஏழு பேர் அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தார்கள்.