வர்க்கி பாக்கெட்டுக்கு லேபிள் வரைய இங்க்ஸ்கேப்பில் சில குறுக்குவழிகள்

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஊட்டி வர்க்கி பாக்கெட்டுக்கு லேபிள் வரைகிறீர்கள், பின்னணியில் தேயிலைச் சரிவு வேண்டும் என்று வையுங்கள். நூறு செடியையும் தனித்தனியாக வரைந்தால் விடிந்துவிடும். ஒரே ஒரு செடியை வரைந்து, ஆல்ட்+டி அழுத்தி ஒரு க்ளோன், அதாவது மூலத்தோடு இணைந்தே இருக்கும் நகல், எடுங்கள், அப்புறம் அந்த க்ளோனை மவுஸால் பிடித்து இழுத்துக்கொண்டே, விரலை எடுக்காமல், வேண்டிய இடத்திலெல்லாம் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். தட்டிய இடத்தில் எல்லாம் ஒரு செடி பதிந்துவிடும். பச்சை பிடிக்கவில்லையா? மூலச் செடியில் மட்டும் நிறத்தை மாற்றினால் போதும், சரிவு முழுக்க மாறும்.

மலை முகட்டைப் பென்சில் டூலில் கையால் இழுத்தால் புள்ளிகள் குவியும். கன்ட்ரோல்+எல் அதைக் குறைக்கும். பலருக்குத் தெரியாதது, அதையே விட்டுவிடாமல் கடகடவென்று அழுத்தினால் ஒவ்வொரு முறையும் இன்னும் வேகமாக மழுங்கும். ரொம்பப் போனால் தொட்டபெட்டா மொட்டையாகிவிடும், கன்ட்ரோல்+இசட் இருக்கிறது.

அச்சுக்கு அனுப்பும்முன் எழுத்தைத் தேர்ந்து ஷிஃப்ட்+கன்ட்ரோல்+சி அடித்துப் பாதையாக்குங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக்குங்கள். ஒருமுறை இதை மறந்தேன், அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, ‘வர்க்கி’யின் புள்ளி எங்கோ போய் நின்றது. பாதையானபின் எழுத்தைத் திருத்த முடியாது, அதனால் மூலக்கோப்பைத் தனியாக வைத்துவிட்டுச் செய்யுங்கள்.