குதிரைக்கு மூடு சரியில்லையா? முதலில் நாட்காட்டி

பெண் குதிரை சிடுசிடுக்கிறது என்று அதை அமைதிப்படுத்த மக்னீசியப் பொடி போன்ற சப்ளிமென்ட் டப்பா வாங்கும் முன், இரண்டு மாதம் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்: எந்த நாளில் காதை மடக்கியது, எப்போது உதைக்க வந்தது, சேணப் பட்டையை இறுக்கும்போது கடிக்கத் திரும்பியதா.

பெண் குதிரையின் பருவச் சுழற்சி (இனப்பெருக்கச் சுழற்சி) ஏறக்குறைய 21 நாள். அதில் 5 முதல் 7 நாள் பருவத்தில், அதாவது இணைசேரத் தயாராக இருக்கும். கோபம் அந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் மருத்துவரிடம் ஹார்மோன் பற்றிப் பேசலாம். மாதம் முழுக்க ஒரே எரிச்சல் என்றால் வயிற்றுப்புண், முதுகுவலி, பொருந்தாத சேணம், பல் என்று தேடவேண்டும். அதற்கு மக்னீசியப் பொடி மருந்தாகாது, காசுதான் கரையும். சரி, கொடுத்தே பார்க்கிறேன் என்றால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டைக் கலந்தால் எது வேலை செய்தது என்று குதிரைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

பகல் குறுகிய குளிர்மாதங்களில் பல குதிரைகளுக்குச் சுழற்சியே நின்றுவிடும். அப்போது இந்தக் கணக்கு உதவாது. சாதுவான குதிரை திடீரென்று ஆண் குதிரைபோல மற்ற பெண் குதிரைகள் மேல் ஏறினாலோ, தீனியை ஒதுக்கினாலோ குறிப்பெழுதிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். ஆண் குதிரைபோல ஏறுவதற்குக் காரணம் சினைப்பைக் கட்டியாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.