பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிக்க வேண்டிய கல்லூரி வேலைகள்

படிப்பு பிள்ளையின் பாடு. காகித வேலை பெற்றோருடையது. சித்திரைத் திருவிழா கூட்டம் கலைந்ததும் மதுரை இ-சேவை மையங்களில் அடுத்த கூட்டம் சேரும். அதில் பலர் ஒரு வருஷம் முன்பே வாங்கியிருக்கக்கூடிய சான்றிதழுக்காக நிற்பவர்கள்.

படி 1: பத்தாம் வகுப்பில் பெயர்

பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கப் பள்ளியில் கூப்பிடும் அன்று, ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோய் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் ‘செ. முத்துக்குமார்’, இன்னொன்றில் ‘முத்துக்குமார் செல்வம்’ என்று இருந்தால் உதவித்தொகை வரை இழுபறிதான். மதிப்பெண் பட்டியல் அச்சாகிவிட்டால் திருத்தத்துக்குத் தேர்வுத்துறை வரை போக வேண்டும்.

படி 2: பிளஸ் ஒன் குரூப்

கணக்கை விட்டால் பி.இ. கிட்டத்தட்ட போச்சு, உயிரியலை விட்டால் மருத்துவம் எட்டாது. முடிவெடுக்க முடியாதவர்களுக்குக் கணக்கு–உயிரியல் குரூப் இரண்டு வழியையும் திறந்து வைக்கும், சுமையும் அதிகம். பத்தாம் வகுப்பிலேயே கணக்கில் திணறும் பிள்ளையைச் சொந்தக்காரர் பேச்சுக்காக அதில் தள்ளாதீர்கள். வணிகவியல் எடுத்து பி.காம்., சி.ஏ. போகலாம்.

படி 3: கட்-ஆஃப் கணக்கு

பி.இ. கலந்தாய்வில் இடத்தை முடிவு செய்யும் கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. கணக்கில் 4 மார்க் போவதும் இயற்பியலில் 8 போவதும் ஒன்றுதான். மாதிரித் தேர்வு ஒவ்வொன்றுக்கும் இப்படிப் போட்டுப் பாருங்கள். டியூஷன் எந்தப் பாடத்துக்கு வேண்டும் என்பது தானே தெரியும். நீட், ஜேஇஇ எழுதுபவர்கள் பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிடக் கூடாது. அதிலிருந்தும் கேள்வி வரும்.

படி 4: சான்றிதழ்கள்

பிளஸ் டூ அரையாண்டு விடுமுறைக்குள் முடியுங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் அலுவலகம் என்று நகரும். ஒரு மேசையில் நின்றாலும் தாமதம்தான்.

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும், அதனால் அதை மட்டும் கடைசியாக வாங்குங்கள். குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழ்தான் அதிகம் திரும்பி வருவது: தாய், தந்தை, உடன்பிறந்தவர்களின் டீசியோ படிப்பு ஆதாரமோ கேட்பார்கள், அப்பாவின் பழைய டீசி வீட்டில் இருக்காது. அவர் படித்த பள்ளியில் நகலுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது.

மத்திய அரசுக் கல்லூரிகளுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. பிற்படுத்தப்பட்டோர் தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் படிப்புச் சான்று வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்குப் பிள்ளை பெயரிலேயே வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்புடன்.

படி 5: விண்ணப்பம்

மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம். அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், பாத்திமா போன்றவற்றுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். பி.இ. கலந்தாய்வை மட்டும் நம்பி இவற்றைத் தவறவிட்டால் பிறகு சீட் கிடைப்பது கஷ்டம். ஓடிபி வரும் கைப்பேசி எண் சேர்க்கை முடியும் வரை மாறக் கூடாது. பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுக்காதீர்கள். அசல் டீசியைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் ஐந்து நகலும் ஒரு ஸ்கேனும் எடுத்து வையுங்கள்.