ஃபூட்டியில் மிட்ஃபீல்டர் ஆக வேண்டுமா? முதலில் குனியப் பழகுங்கள்

ஃபூட்டி என்றால் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து, மிட்ஃபீல்டர் என்றால் நடுக்கள ஆட்டக்காரர். மெல்பர்னில் வளரும் பிள்ளை ஒன்று "நான் ஃபூட்டி ஆடப் போறேன், மிட்ஃபீல்டர் ஆகப் போறேன்" என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் பதில் "பேசாம கிரிக்கெட் ஆடு" என்பதுதான். அதையும் தாண்டிப் பிடிவாதமாக நிற்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு.

வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு அணிக்குக் களத்தில் 18 பேர். ஒவ்வொரு கால்பகுதி தொடங்கும்போதும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுமைதானத்துக்கு வரும். அப்போது நடுவில் இருக்கும் 50 மீட்டர் சதுரத்துக்குள் அணிக்கு நான்கு பேர்தான் நிற்கலாம். உயரமான ரக்மேன் எம்பித் தட்டிவிடுவார், மிச்சமுள்ள மூவர் அந்தப் பந்துக்காக முட்டி மோத வேண்டும். அந்த மூவரில் ஒருவராக நிற்கத்தான் இத்தனை பாடும்.

பந்து முட்டை வடிவம். தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. அதனால் எல்லோரும் தொலைதூர உதையைப் பழகிக்கொண்டிருக்கும்போது நீங்கள் குனிந்து ஒரே பிடியில் பந்தை எடுக்கப் பழகுங்கள். நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் இருந்து தோளால் இடிக்கச் சொல்லிவிட்டு எடுங்கள், பந்தை நனைத்துவிட்டு எடுங்கள், ஏனென்றால் மெல்பர்ன் குளிர்காலத்தில் காய்ந்த பந்து கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். எடுத்த பந்தை எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தித்தான் கொடுக்க வேண்டும். இதை இரண்டு கையாலும் செய்யத் தெரிய வேண்டும், உதையும் இரண்டு காலாலும். வலது பக்கம் மட்டும் தெரிந்தவரை எதிரணி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்து இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். விடுவிக்க நேரம் இருந்தும் பந்தோடு டேக்கிளில் மாட்டினால் ஃப்ரீ கிக் எதிரணிக்குப் போய்விடும். ஆக, பந்து கைக்கு வருவதற்கு முன்பே அடுத்து யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஓட்டம். ஒரு ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை போகும், ஆனால் மாரத்தான் மாதிரி இல்லை. பாய்ந்து, நின்று, மறுபடி பாய வேண்டும். ஆட்டக்காரர்களை மாற்றுவதற்கும் வரம்பு உண்டு என்பதால் மூச்சு வாங்கியதும் வெளியே போய் உட்கார முடியாது. தேர்வு முகாமில் 20 மீட்டர் வேக ஓட்டத்தோடு 2 கிலோமீட்டர் ஓட்டமும் வைப்பது இதனால்தான்.

பாதை சிக்கலானதல்ல: சின்ன வயதில் ஆஸ்கிக் என்ற சிறுவர் பயிற்சி, பிறகு உள்ளூர் கிளப், விக்டோரியாவில் என்றால் 18 வயதுக்கு உட்பட்டோருக்கான கோட்ஸ் டேலன்ட் லீக், வருடக் கடைசியில் ட்ராஃப்ட், அதாவது ஏ.எஃப்.எல். என்ற தேசிய லீக்கின் கிளப்புகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நாள். அப்பா ஒரு கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்த கிளப்புக்கு முன்னுரிமை உண்டு, நிக் டெய்க்கோஸ் 2021-ல் காலிங்வுட்டுக்குப் போனது அப்படித்தான். நம் அப்பாக்களை வைத்துப் பார்த்தால் அந்தக் கதவை மறந்துவிடுவது நல்லது.

ட்ராஃப்டில் எத்தனையாவது ஆளாக எடுத்தார்கள் என்பதை வைத்து அழவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம். லாச்சி நீலை 2011-ல் ஃப்ரீமான்டில் எடுத்தபோது அவர் 58-வது ஆள்; பின்னாளில் பிரிஸ்பேனுக்குப் போய் 2020-லும் 2023-லும் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். மேட் பிரிடிஸை ட்ராஃப்டில் யாரும் சீண்டவில்லை, பெர்த்தில் சுபியாகோவுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை வெஸ்ட் கோஸ்ட் கிளப் ரூக்கியாக, அதாவது கூடுதல் பட்டியலில், சேர்த்துக்கொண்டது, 2014-ல் அவருக்கும் பிரவுன்லோ.

கிளப்பில் சேர்ந்ததும் நடுச் சதுரத்தில் நிறுத்திவிட மாட்டார்கள். இரண்டாம் நிலை அணியிலோ முன்கள ஓரத்திலோ காத்திருக்க வேண்டியிருக்கும். நன்றாக ஆட ஆரம்பித்தால் எதிரணி டேகர் ஒருவரை அனுப்பும், அவர் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஜெர்ஸியை இழுத்துக்கொண்டே இருப்பார். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் என்னைக் கேட்டால் பிரவுன்லோவைவிட நம்பகமான சான்றிதழ் அதுதான். பிரவுன்லோ ஓட்டுகளை நடுவர்கள்தான் ஆட்டத்துக்கு 3, 2, 1 என்று போடுகிறார்கள், பந்துக்குப் பக்கத்திலேயே நிற்பவர்கள் அவர்கள் கண்ணில் அதிகம் படுவது இயல்பு. 2024-ல் பேட்ரிக் கிரிப்ஸ் 45 ஓட்டு வாங்கி சாதனை படைத்தாரே, அவரும் மிட்ஃபீல்டர்தான்.

தலையில் அடிபட்டால் மட்டும் மறைக்காதீர்கள். மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால் ஏ.எஃப்.எல்.லில் குறைந்தது 12 நாள் ஆட விடமாட்டார்கள். "ஒரு மேட்ச்தானே" என்று வாயை மூடிக்கொள்வதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. மெல்பர்ன் அணிக்காக 2021-ல் கோப்பை வென்ற ஆங்கஸ் பிரேஷா, தலைக்காயங்களால் 28 வயதிலேயே ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று.

முப்பதைத் தாண்டியும் ஆட ஆசையிருந்தால் ஸ்காட் பெண்டில்பரியைப் பாருங்கள். சிறுவயதில் கூடைப்பந்து ஆடியவர், 2005 ட்ராஃப்டில் ஐந்தாவது ஆள், 2010-லும் 2023-லும் காலிங்வுட்டோடு கோப்பை, 2024-ல் 400-வது ஆட்டம். பெரிய வேகக்காரர் இல்லை, நெரிசலுக்குள்ளும் அவருக்கு மட்டும் ஒரு நொடி கூடுதலாகக் கிடைப்பது போலத் தெரியும். நடுவில் கொஞ்ச காலம் பின்களத்துக்குப் போய் ஆடிவிட்டும் வந்தார். அதனால் நடுச் சதுரத்தில் உங்கள் இடம் உறுதியான பிறகும் பயிற்சியில் அவ்வப்போது பின்களத்தில் நின்று பாருங்கள், அங்கிருந்து ஆட்டம் முழுக்க முகத்துக்கு நேரே தெரியும்.