பொங்கல் முடிந்து சென்னை திரும்பும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

ஊருக்குப் போகிற டிக்கெட்டுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, திரும்பி வருகிற டிக்கெட்டுக்கு நாம் காட்டுவதில்லை. போகும்போது ஒரு வேகம் இருக்கிறது. போகிக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திரும்புவது யாருக்கும் பிடிக்காத வேலை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் எல்லோரும் ஒரே ராத்திரியில் கிளம்புகிறோம். 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வியாழக்கிழமை. மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் தாண்டினால் ஞாயிறு. திங்கட்கிழமை ஆபீஸ், பள்ளிக்கூடம். அப்படியானால் ஜனவரி 18 ஞாயிறு இரவுதான் தென்மாவட்டங்கள் மொத்தமும் சென்னைக்குத் திரும்புகிற இரவு. நாள்காட்டியைப் பார்த்து யாரும் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. ஆனாலும் செங்கல்பட்டைத் தாண்டிப் பரனூர் டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது புதிதாக ஆச்சரியப்படுவோம்.

முதல் தவறு, கணக்கை ஊரிலிருந்து போடுவது. "மதுரையிலிருந்து எட்டு மணி நேரம், ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பினால் காலை ஐந்துக்கு வீடு" என்பது சாதாரண நாளுக்கான கணக்கு. பண்டிகை முடிந்த இரவில் உங்கள் பயணத்தைத் தீர்மானிப்பது முதல் நானூறு கிலோமீட்டர் அல்ல, கடைசி அறுபது, எழுபது கிலோமீட்டர். திருச்சி வழியாக மதுரை, நெல்லை, நாகர்கோவில் வண்டிகள் வருகின்றன. சேலம் பக்கத்து வண்டிகள் உளுந்தூர்பேட்டையில் சேர்கின்றன. தஞ்சாவூர், கும்பகோணம் வண்டிகள் விக்கிரவாண்டியிலும், புதுச்சேரி, திருவண்ணாமலை வண்டிகள் திண்டிவனத்திலும் வந்து கலக்கின்றன. அதற்கு மேல் எல்லோருக்கும் ஒரே சாலைதான்: ஆத்தூர் டோல்கேட், மதுராந்தகம், மாமண்டூர் பாலாற்றுப் பாலம், செங்கல்பட்டு, பரனூர் டோல்கேட், சிங்கப்பெருமாள்கோவில், கூடுவாஞ்சேரி. புனலில் அவசரமாக எண்ணெய் ஊற்றுவது போலத்தான். மேலே எத்தனை வேகமாக ஊற்றினாலும் கீழே இறங்குவது அதன் வேகத்தில்தான்.

ஆகவே கணக்கைச் செங்கல்பட்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு முன்னால் செங்கல்பட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காரில் வருபவர் திருச்சியிலிருந்து காலை எட்டு மணிக்காவது கிளம்பியிருக்க வேண்டும். மதுரை என்றால் ஐந்தரை, ஆறு. நெல்லைக்காரர்கள் விடியலுக்கு முன்னாலேயே புறப்பட வேண்டும், இல்லையென்றால் சனிக்கிழமையே கிளம்பித் திருச்சியில் உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடலாம். "ஞாயிற்றுக்கிழமை கறி விருந்து சாப்பிட்டுவிட்டுப் போ" என்று பெரியம்மா சொல்லும்போது மறுக்க முடியாதுதான். ஆனால் அந்த விருந்தைச் சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கும் பெரிதாக ஆட்சேபம் இருக்காது. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திருச்சியில் ஸ்டியரிங் பிடிப்பவர், தூக்கக் கலக்கத்தோடு சரியாக நெரிசல் நேரத்துக்குள் போய் விழுகிறார்.

இன்னொரு வழி, திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அன்று காலை நிதானமாகக் கிளம்புவது. நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு நாள் லீவை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று இரவெல்லாம் உட்கார்ந்தே வந்து, கண் எரிய ஆபீசில் போய் உட்காருகிறவரால் அன்று என்ன வேலை நடந்துவிடப் போகிறது?

ரயிலில் வருபவர்கள்

ரயில்காரர்களுக்குப் பரனூர் தொல்லை கிடையாது. அவர்கள் தவறு செய்வது இரண்டு மாதம் முன்னால். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஜனவரி 13-க்கான டிக்கெட் நவம்பர் 14 காலை எட்டு மணிக்குத் திறக்கும். 18-க்கானது நவம்பர் 19-ல். போகிற டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் அந்த ஐந்து நாள் இடைவெளியில் திரும்புகிற டிக்கெட்டை மறந்துபோகிறவர்கள் ஏராளம். 20-ஆம் தேதி ஞாபகம் வந்து பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டு நிற்கும். போனில் இரண்டு அலாரம் வைத்துக்கொள்வதற்குக் காசா பணமா?

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு "டிடிஆரைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்" என்று ஸ்டேஷனுக்குப் போவது அடுத்த தவறு. ஆன்லைனில் எடுத்தது சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற இறுதிப் பட்டியல், தயாரான பிறகும் வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். கையில் டிக்கெட்டே இல்லை என்றுதான் அர்த்தம். கவுன்டரில் எடுத்திருந்தாலும் முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது. ஆர்ஏசி வேறு, உட்கார இடம் உண்டு, தாராளமாக ஏறலாம். சார்ட் இப்போது வண்டி கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுகிறது. அதனால் டிக்கெட் உறுதியாகாது என்று தெரிந்த பிறகும் பேருந்து தேடச் சிறிது அவகாசம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

கடைசி நேர முன்பதிவான தட்கலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். முந்தைய நாள் காலை பத்து மணிக்கு ஏசி, பதினொன்றுக்கு ஸ்லீப்பர். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது. அதை ஊரில் உட்கார்ந்து, இரண்டு புள்ளி சிக்னலில், பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செய்ய ஆரம்பிப்பது வீண்.

மதுரையிலோ விருதுநகரிலோ ஏறுகிறவர்கள், வண்டி புறப்படும் ஊரான நாகர்கோவிலிலிருந்தோ நெல்லையிலிருந்தோ டிக்கெட் எடுப்பதுண்டு. புறப்படும் ஊருக்கு இடங்கள் அதிகம், வெயிட்டிங் லிஸ்ட் நகரும் வாய்ப்பும் அதிகம் என்பதால் அது நல்ல யோசனைதான். ஆனால் ஏறும் இடத்தை, அதாவது போர்டிங் பாயின்ட்டை, முன்கூட்டியே மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டால், நீங்கள் வரவில்லை என்று உங்கள் இடம் ஆர்ஏசியில் இருப்பவருக்குப் போய்விடலாம். மாற்றிய பிறகு பழைய ஊரில் ஏறும் உரிமை கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

டிக்கெட்டில் கடைசி நிலையம் எது என்று ஒருமுறை பாருங்கள். சிறப்பு ரயில்கள் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். எழும்பூரில் தம்பியை பைக்கோடு நிற்கச் சொல்லிவிட்டுத் தாம்பரத்தில் இறங்கித் தவிக்க வேண்டியதில்லை.

பேருந்தும் கிளாம்பாக்கமும்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இன்னும் பலர் கோயம்பேட்டை மனதில் வைத்தே நேரக் கணக்குப் போடுகிறார்கள். தென்மாவட்டத்து அரசு விரைவுப் பேருந்து உங்களைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும்; அங்கிருந்து அம்பத்தூரோ பெரம்பூரோ போவது தனிப் பயணம். மாநகரப் பேருந்துகள் இருக்கின்றன. பண்டிகை முடிந்த அதிகாலையில் அவற்றில் கூட்டம் பிதுங்கும், ஆட்டோக்காரர் கேட்கிற தொகையில் பாதி தூரம் ஊருக்கே திரும்பிவிடலாம் போலிருக்கும். வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் என்று முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டுக்கு வந்த பிறகு பேருந்து நகரவே இல்லை என்றால், உட்கார்ந்து புலம்பாமல் இறங்கிவிடலாம். சாலையை ஒட்டியே ரயில் பாதை ஓடுகிறது. செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோவில், காட்டாங்குளத்தூர், கூடுவாஞ்சேரி என்று வரிசையாக எலக்ட்ரிக் ட்ரெய்ன் நிலையங்கள். அதிகாலையிலேயே வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். இந்த நெரிசலுக்காகவே காட்டாங்குளத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு விடியற்காலைச் சிறப்பு ரயில்களும் விட்டிருக்கிறார்கள். ஆனால் கையில் நான்கு மூட்டையும் ஒரு கரும்புக் கட்டும் இருந்தால் இந்த யோசனை உதவாது. அம்மா கட்டிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. அரிசியும் தேங்காயும் பார்சல் சர்வீசில் போட்டால் இரண்டு நாள் கழித்து வந்து சேரும். முறுக்கும் பொடியும் கையில் வரட்டும். எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் துணிப் பைக்குள் வைக்காதீர்கள், மூடி எத்தனை இறுக்கமாக இருந்தாலும்.

காரில் வருபவர்களுக்கு இன்னும் கொஞ்சம்

தை மாதத்து விடியலில் பனிமூட்டம் சர்வ சாதாரணம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் சில நாள் முன்னால் போகிற லாரியே தெரியாது. அப்போது ஹைபீம் போடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், இருப்பதும் தெரியாது. லோபீம், குறைந்த வேகம், முன்வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி. பனி அதிகம் என்று சாலை ஓரத்திலேயே நிறுத்துவது இன்னும் ஆபத்து. பின்னால் வருபவர் உங்கள் விளக்கைப் பார்த்து, வண்டி ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து நேராக வந்துவிடுவார். பெட்ரோல் பங்க்கோ ஹோட்டலோ வரும்வரை மெதுவாகப் போய் உள்ளே நிறுத்துங்கள். இரவு இரண்டிலிருந்து ஐந்துவரை தூக்கம் யாரையும் விடாது. டீ குடித்தால் போய்விடும் என்று நம்ப வேண்டாம், இருபது நிமிடம் கண்ணை மூடுவதுதான் பலன் தரும்.

ஃபாஸ்டாக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்தால், உங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐ-யில் கட்டினால் ஒன்றே கால் மடங்கு.

கூகுள் மேப் சிவப்பாகக் காட்டிய பிறகு வழி மாற்றுவதும் தாமதம்தான். மற்றவர்களுக்கும் அதே மேப் அதே சந்து வழியைத்தான் காட்டும். மாற்று வழியைத் திண்டிவனத்திலேயே முடிவு செய்ய வேண்டும். திருவான்மியூர், அடையாறு போகிறவர்கள் அங்கிருந்து மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கலாம். பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்துக்காரர்கள் வந்தவாசி, காஞ்சிபுரம் வழியாக வந்துவிடலாம். செங்கல்பட்டு வரை வந்துவிட்டீர்களா? ஓஎம்ஆர் போகிறவர்களுக்கு அங்கிருந்து திருப்போரூர் சாலை இருக்கிறது. தூரம் கூடும், சில இடங்களில் சாலை குறுகல், ஊர்களுக்குள் ஆடு மாடு குறுக்கே வரும். ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். தாம்பரம், குரோம்பேட்டை ஆட்களுக்கு மட்டும் பரனூரை விட்டால் பெரிதாக வேறு வழி இல்லை. அவர்கள்தான் மதியத்துக்கு முன்னால் செங்கல்பட்டைத் தாண்டுவதில் ரொம்பப் பிடிவாதமாக இருக்க வேண்டும்.