குத்துவிளக்கிலேயே போன முதல் சுற்று: நாடாளுமன்ற விவாதப் போட்டி நடத்துவோர் தவிர்க்க வேண்டியவை

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நாடாளுமன்ற விவாதப் போட்டிக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். நாடாளுமன்றத்தைப் போலவே ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு என்று அணிகள் பிரிந்து வாதிடும் போட்டி இது. அழைப்பிதழில் காலை 9 மணி. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் முடிந்து முதல் தலைப்பை அறிவிக்கும்போது 11.30. நான்கு சுற்று என்று போட்டிருந்தார்கள், நடந்தது இரண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அணிக்கு இருவராக நான்கு அணிகள் மோதும் பிரிட்டிஷ் முறையில் தலைப்பு சொன்னதும் தயாரிக்க 15 நிமிடம். எட்டுப் பேர், ஆளுக்கு 7 நிமிடம் என்றால் 56. நடுவர்கள் கலந்து பேச 15, முடிவை விளக்க 10. அறை தேடி ஓடுவதையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். புதிதாக நடத்துபவர்கள் ஒரு நாளைக்கு மூன்று சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விருந்தினரை இறுதிச் சுற்றுக்கு அழையுங்கள், நல்ல விவாதம் ஒன்றையும் கேட்டுவிட்டுப் போவார்.

இதைவிடப் பெரிய தவறு நடுவர் விஷயத்தில்தான். நமக்குப் பழக்கம் பட்டிமன்றம். அங்கே நடுவர்தான் நாயகர்; அவர் சொல்லும் நகைச்சுவைக்கே பாதிக் கூட்டம் வரும். இங்கே அவர் வாயைத் திறப்பதே கடைசியில். தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அறையில் பேசப்பட்ட வாதத்தை மட்டும் எடைபோட வேண்டும். அன்று ஒரு பேராசிரியர் உச்சரிப்பு, குரல் வளம், மேற்கோள் என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு மாணவி இடையில் எழுந்து கேட்ட ஒரே கேள்வியில் ஆளும் தரப்பின் திட்டமே சரிந்தது. அது அவர் தாளில் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவரிடம் எதையும் விளக்கவில்லை. முந்தின நாள் மாலை ஒரு மாதிரி விவாதம் நடத்தி, எல்லா நடுவர்களையும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதச் சொல்லி ஒப்பிட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

நடுவர் கிடைப்பதும் நம் ஊரில் பாடுதான். அறைக்கு மூன்று பேர் என்று வையுங்கள். 16 அணிகள் வந்தால், நான்கு அணிகள் மோதும் பிரிட்டிஷ் முறையில் 4 அறை, 12 நடுவர். இரண்டு அணிகள் மோதும் ஆசிய முறையில் 8 அறை, 24 நடுவர். புதுமுகங்களுக்கு ஆசிய முறை எளிது என்று தேர்ந்தெடுத்துவிட்டு, காலையில் நடுவர் இல்லாமல் கையைப் பிசைவதைப் பார்த்திருக்கிறேன். வரும் கல்லூரி ஒவ்வொன்றும், தான் அனுப்பும் அணிகளின் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக நடுவர்களை அழைத்து வர வேண்டும் என்ற வழக்கத்தை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். சொந்தக் கல்லூரி அணிக்குச் சொந்தக் கல்லூரி ஆசிரியர் நடுவராகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தலைப்பு. ‘மது ஒழிக்கப்பட வேண்டும், ஏனெனில் அது தீமை’ என்று கொடுத்தால் எதிர்த்தரப்பு என்னதான் பேசும்? பக்கத்திலேயே நல்ல தலைப்பு கிடக்கிறது: ‘கூழ் ஆலைகள் வாங்கும் மாங்காய்க்கு அரசே விலை நிர்ணயிக்க வேண்டும்’. விவசாயிக்கு நியாய விலை என்று ஒருவர் எழுவார். விலையை ஏற்றினால் ஆலைகள் ஆந்திராவின் சித்தூர் மாங்காய்க்குப் போய்விடும் என்று இன்னொருவர் மடக்குவார். இரண்டு பக்கமும் தீனி இருக்கிறது. தலைப்பை வெளியிடும் முன் எதிர்த்தரப்புக்கு மூன்று வாதமாவது நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

மதிப்பெண் பதிவுக்கு டேபிகேட் போன்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் மின்சாரமும் நெட்டும் ஒன்றாகப் போகும் நாளுக்காக, நடுவர் கையெழுத்திட்ட தாளையும் வாங்கி வையுங்கள்.

கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லை. வெளியூர் மாணவர்கள் தருமபுரியிலோ ஓசூரிலோ ஜோலார்பேட்டையிலோ இறங்கிப் பேருந்து பிடித்துத்தான் வர வேண்டும். இதை அழைப்பிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் முதல் சுற்று நேரத்தில் உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கும்: “சார், எந்த பஸ்ல ஏறணும்?”