பல்ஸ் மோட்டார்: எடையைக் கூட்டும் முன் காயிலைப் பாருங்கள்

பல்ஸ் மோட்டார் என்பது, காயிலில் விட்டுவிட்டுப் பாயும் கரண்ட் சக்கரத்திலுள்ள காந்தங்களைத் தள்ளி ஓட்டும் சிறு மோட்டார். வீட்டில் செய்த பல்ஸ் மோட்டார் வேகம் பிடிக்காவிட்டால், பலரும் முதலில் கைவைப்பது சக்கரத்தின் எடையில்தான். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. காந்தம் காயிலைக் கடக்கும் நேரத்துக்குள் காயிலில் கரண்ட் ஏறி இறங்கிவிட வேண்டும். இந்தக் கணக்கு பொருந்தாமல் வேறு எதை மாற்றியும் பயனில்லை.

சக்கரத்துக்கு 6 மி.மீ. அக்ரிலிக்கை 120 மி.மீ. வட்டமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி, சம இடைவெளியில் ஆறு துளைகள். ஒவ்வொன்றிலும் 10×5 மி.மீ. நியோடிமியம் காந்தம், எல்லாம் ஒரே முகம் காயிலைப் பார்க்க, எபாக்சி வைத்து. காந்தத்தை விளிம்பின் மேல் ஒட்டவே வேண்டாம். 3 கிராம் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுமார் ஒன்றரைக் கிலோ விசையோடு வெளியே இழுக்கும். பசை விட்டால் நேராக முகத்துக்கு வரும். துளைக்குள் இருந்தால் அந்த விசையைச் சுவர் தாங்கும். அப்படியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஓட்டாதீர்கள். அச்சுக்கு இரண்டு 608 பேரிங். கிரீஸைக் கழுவிவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.

டிரான்சிஸ்டர், டையோடு வகையறா பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். கம்பியை மட்டும் மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேளுங்கள்: 28 கேஜ் எனாமல் கம்பி 100 கிராம். 15 மி.மீ. குழாயில், 20 மி.மீ. நீளத்துக்குள், கம்பியை இரண்டு இழையாக எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து 400 சுற்று. ஒவ்வொரு இழையும் சுமார் 5 ஓம் காட்டும்.

முதல் இழை காந்தத்தைத் தள்ளும்; இரண்டாம் இழை காந்தம் கடப்பதை உணர்ந்து டிரான்சிஸ்டரை இயக்கும். முதல் இழையின் தொடக்கம் 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, முடிவு டிஐபி31சி டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. இரண்டாம் இழையின் தொடக்கம் 100 ஓம், 1 கே பொட்டன்ஷியோமீட்டர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) இரண்டையும் தொடராகக் கடந்து பேஸுக்கு. முடிவு எமிட்டருக்கும் பேட்டரி மைனஸுக்கும். பேஸ்–எமிட்டர் குறுக்கே 1என்4148 டையோடு, கோடு போட்ட முனை பேஸ் பக்கம். கலெக்டரிலிருந்து யுஎஃப்4007 டையோடு வழியாக இரண்டாவது பேட்டரியின் பிளஸ். அதன் மைனஸ் முதல் பேட்டரியின் பிளஸ்ஸோடு. கரண்ட் நிற்கும்போது காயிலில் எழும் திடீர் உயர் மின்னழுத்தத்தை (ஸ்பைக்) இந்தப் பேட்டரி வாங்கிக்கொள்ளும். ஓடும்போது அதைக் கழற்றினால் ஸ்பைக் டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும். அதற்குக் காப்பாக கலெக்டர்–எமிட்டர் குறுக்கே ஒரு நியான் பல்பு இருக்கட்டும்.

காயிலுக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 4 மி.மீ. வைத்துக் கையால் சுழற்றிவிடுங்கள், தானாகக் கிளம்பாது. சுழற்றியதும் பிரேக் பிடித்ததுபோல் நின்றால் இரண்டாம் இழையின் முனைகள் மாறியிருக்கின்றன.

இனி அந்த நேரக் கணக்கு. நிமிடத்துக்கு 1500 சுற்றில் காந்தம் 15 மி.மீ. கடக்க 2 மில்லி வினாடிகூட ஆகாது. இரும்பில்லாத இந்தக் காயிலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) சுமார் 2 மில்லிஹென்றி. அரை மில்லி வினாடிக்குள் கரண்ட் 63 சதவீதம் ஏறிவிடும். உள்ளே இரும்பு செருகினால் இண்டக்டன்ஸ் பல மடங்காகும். தள்ளு பலம் கூடும், ஆனால் கரண்ட் ஏறி முடிப்பதற்குள் காந்தம் போய்விடும். இரும்பு திரும்பத் திரும்பக் காந்தமாவதால் வரும் ஹிஸ்டரிசிஸ் இழப்பும், இரும்புக்குள் சுழலும் மின்னோட்ட இழப்பும் வேறு. குறைந்த வேகத்தில் பலம் வேண்டுமென்றால் இரும்பு. வேகம் வேண்டுமென்றால் வெறும் காயில். காயிலின் கம்பிச் சுற்றைக் கூட்டினாலும் இதே கதைதான்: ஓடும் காந்தம் காயிலில் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் சீக்கிரம் எழுந்து உச்ச வேகத்தைக் குறைக்கும்.

எடை விஷயத்துக்கு வருவோம். இந்தச் சக்கரத்தில் 1500 சுற்றில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 2.3 ஜூல். 1 வாட் எல்இடி இரண்டு நொடி எரிய அது போதும், அவ்வளவுதான். அதுவும் பேட்டரி கொடுத்தது. எடை கூடினால் ஓட்டம் சீராகும், வேகம் பிடிக்க நேரமாகும், பேரிங் உராய்வும் ஏறும். உச்ச வேகம் கூடாது. சீர்தான் தேவையென்றால் விளிம்பில் பித்தளை நட்டு வையுங்கள்; பாதி ஆரத்தில் வைப்பதைவிட நாலு மடங்கு பலன். இரும்பு நட்டு வேண்டாம், காந்தம் இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக, பேட்டரி வயரில் அம்மீட்டரைத் தொடராக மாட்டி, பொட்டன்ஷியோமீட்டரை மெதுவாகத் திருப்புங்கள். வேகம் விழாமல் கரண்ட் எங்கே மிகக் குறைகிறதோ, அங்கே நிறுத்துங்கள்.